தலைகீழாக ஓடிய இரண்டு நிமிடங்கள்

இதைப் படித்துக் கம்ப்யூட்டரில் அடிக்கப் போகிறவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்கிற பாடம் ஐந்தாம் வகுப்போடு எனக்கு நின்றுபோனது. பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம். நடந்தபடிதான் எழுதியிருக்கிறேன்.

திண்டுக்கல் தியேட்டர்களில் வேலை பார்த்த நாங்கள் வருடம் ஒரு தடவை கூடிச் சாப்பிடுகிறோம். இந்த வருடம் ஒரு மலர் போடுகிறார்கள். மறக்க முடியாத படம் ஒன்றைப் பற்றி ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். மற்றவர்கள் நூறு நாள் ஓடிய படத்தையும், கூட்டம் கேட்டை உடைத்த படத்தையும் எழுதுவார்கள். நான் எழுதப்போகும் படம் ஒரே ஒரு வாரம் ஓடியது. வெள்ளிக்கிழமை வந்தது, வியாழக்கிழமை போனது. பெயர் ‘கொடியில் ரெண்டு சட்டை’. பெயரைச் சொன்னாலும் யாருக்கும் ஞாபகம் வராது.

நான் ஆபரேட்டராக இருந்தேன். கண்ணில் ஆபரேஷன் செய்தபிறகு போன வருடம் வேலையை விட்டேன். தொழில் பழகியதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெருக்குவதற்காகச் சேர்ந்து, பெட்டி தூக்கி, ரீல் சுற்றி, நாலைந்து வருடத்தில் மெஷின் பக்கம் நிற்க விட்டார்கள். அறையில் இரண்டு மெஷின் இருக்கும். ஒன்றில் ரீல் முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினைக் கிளப்பி மாற்ற வேண்டும். வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரியும். அது எரிய எரியத் தள்ளிவிட வேண்டும். அதனால் ஆபரேட்டர் கையில் எப்போதும் கரி இருக்கும். யாரோடும் பேச வேண்டியதில்லாத வேலை. கூச்ச சுபாவக்காரனான எனக்கு அதுவே பிடித்திருந்தது.

மேனேஜரை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேகம்பூர்க்காரர். எல்லோரும் மேனேஜர் பாய் என்போம். சட்டைக் காலரில் மடித்த கைக்குட்டை, வாயில் ஏலக்காய். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தப் படத்தையும் உட்கார்ந்து பார்க்க மாட்டார். கடைசி வரிசைக்குப் பின்னால் கதவை ஒட்டி நின்றபடி பார்ப்பார். திரையைப் பார்க்கிறாரா என்றால் இல்லை, ஜனத்தைத்தான் பார்ப்பார். எந்தக் காட்சியில் எத்தனை பேர் பீடி பிடிக்க வெளியே போகிறார்கள் என்பதுதான் அவருக்குக் கணக்கு. ஒரே இடத்தில் இரண்டு காட்சியும் ஆள் எழுந்தால், மூன்றாவது காட்சிக்கு அந்த இடம் படத்தில் இருக்காது. எனக்கு மணியடித்துத்தான் உத்தரவு போடுவார். ஒரு மணி என்றால் சத்தத்தைக் கூட்டு. இரண்டு என்றால் படம் மங்கல். மூன்று மணி அடித்தால் நான் இறங்கிப் போக வேண்டும். அவர் படியேறி அறைக்கு வந்ததே கிடையாது.

அந்தப் படம் வருவதற்கு ஏழெட்டு மாதம் முன்பு கூரை வேலைக்காகத் தியேட்டரை ஆறு வாரம் பூட்டினார்கள். வேலை இல்லை, சம்பளமும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். என் மனைவி தங்கம், எரியோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளிடம் தியேட்டரைப் பூட்டிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாள் தள்ளினேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு சொல்லவே முடியாமல் போனது. வழக்கம்போல் சோற்றைத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவேன். பேகம்பூரில் தெரிந்தவர் ஒருவருடைய தோல் சரக்கு வைக்கும் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்திருப்பேன். கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்வேன். வீட்டுக்குத் திரும்பும்முன் சட்டைப்பையில் வைத்திருந்த கார்பன் குச்சித் துண்டை எடுத்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொள்வேன்.

ஒருநாள் தங்கம் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு, சூடாகக் கொடுப்போமே என்று தியேட்டருக்கே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கேட்டில் பூட்டுத் தொங்கியிருக்கிறது. அன்று ராத்திரி அவள் என்னைத் திட்டவில்லை. சோறு போட்டுவிட்டு, “இன்னைக்கு என்ன படம்?” என்று மட்டும் கேட்டாள். நான் ஒரு படத்தின் பெயரைச் சொன்னேன். மறுநாள் நான் கிளம்பியபிறகு அவளும் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எரியோட்டுக்குப் போய்விட்டாள். கேட்டில் பூட்டைப் பார்த்த கதையை அவள் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தியேட்டர் திறந்தது. அவள் வரவில்லை. நான் இரண்டு முறை அழைக்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்தேன், கொடுத்த காப்பியைக் குடித்தேன், மழை பெய்யுமா என்று மாமியாரிடம் கேட்டேன், திரும்பி வந்தேன். தங்கம் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவளோடு பிறகு நான் சேர்ந்து வாழ்வேனா என்பதே சந்தேகமாக இருந்த நேரத்தில்தான் அந்தப் படப்பெட்டி வந்தது.

கதை இதுதான். புருஷன் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். மனைவி ஒரு தையல் கம்பெனியில். இருவருக்கும் ஒரே வாரத்தில் வேலை போகிறது. இருவரும் அதை மறைக்கிறார்கள். காலையில் ஆளுக்கொரு டிபன் பாக்ஸோடு கிளம்பி, அவன் பூங்காவில் உட்காருகிறான், அவள் கோயில் குளத்துப் படியில் உட்காருகிறாள். ராத்திரி வந்து தங்கள் மேனேஜரைத் திட்டுகிறார்கள். இல்லாத மேனேஜர் நாளுக்கு நாள் கொடியவனாகிறான். “அந்தாளை நான் வந்து நாலு கேள்வி கேக்கட்டுமா?” என்று அவள் முந்தானையைச் செருகும்போது அவன் பதறிப்போய், “வேண்டாம், இப்பக் கொஞ்சம் திருந்திட்டாரு” என்பான். அந்த இடத்தில் கொட்டகையில் இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்கு அடுத்த காட்சியில் என் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் துவைக்க எடுக்கும் சட்டையில் அழுக்கே இல்லையே என்று பயந்து, அவன் தெருமுனையில் நின்றிருந்த யாருடைய சைக்கிள் செயினையோ தடவி, எண்ணெயைக் கையிலும் சட்டையிலும் பூசிக்கொள்கிறான். மூலையில் புள்ளி மின்னியதை நான் பார்க்கவில்லை. திரை வெள்ளையாகிப் போனது. கீழே விசிலடித்தார்கள். ஒரு ஆபரேட்டருக்கு அதைவிட அவமானம் இல்லை.

பன்னிரண்டாவது ரீலில் ஒரு நாலு நிமிடம் இருக்கிறது. இருவரும் ஒரே பெஞ்சில் டிபன் பாக்ஸும் கையுமாக அகப்பட்டுச் சண்டை போட்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள். அடுப்படியில் எதிரெதிரே உட்காருவார்கள். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. அவன் இரண்டு கையையும் நீட்டுவான். அவள் சீயக்காய்த் தூளைப் போட்டு அந்த எண்ணெய்க் கறையை விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிடுவாள். சமாதானமாகிவிட்டார்கள் என்று நாம் நினைப்போம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து போவாள். பஸ் வரும். அவள் ஏற மாட்டாள். பஸ் போனபிறகும் அங்கேயே நிற்பாள். அவ்வளவுதான். அடுத்த காட்சியில் விடிந்திருக்கும். மொட்டைமாடிக் கொடியில் அவன் சட்டையும் அவள் ரவிக்கையும் காய்ந்துகொண்டிருக்கும். அவள் திரும்பி வந்ததைப் படம் காட்டவே காட்டாது. நம்மை நினைத்துக்கொள்ள விட்டுவிடும். அப்படிப்பட்ட இடத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் ஓட்டியதில்லை.

சனிக்கிழமை மேட்னி முடிந்ததும் மூன்று மணி அடித்தது. இறங்கிப் போனேன்.

“அப்பு, பன்னெண்டாவதுல கை கழுவுறதுல இருந்து பஸ்ஸு போறது வரைக்கும் எடுத்துரு,” என்றார் மேனேஜர் பாய்.

“பாய், அது…”

“நேத்து ராத்திரி பதினொரு பேரு, இப்ப ஒம்போது பேரு பீடிக்கு எந்திரிச்சுட்டாங்கெ. நாற்பது பேர்ல ஒம்போது. கை கழுவுறதப் பாக்கவா காசு குடுத்து வாரான்?”

எடுத்துவிட்டேன். அதற்கு முறை உண்டு. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருக்கும் கோட்டில் கத்தரிக்க வேண்டும். ஒரு முனையில் எச்சில் தொட்டு, பிளேடால் மேலே பூசிய மருந்தைச் சுரண்டி, ஃபிலிம் ஒட்டும் சிமெண்ட் தடவி, அடுத்த முனையை ஓட்டைக்கு ஓட்டை பொருந்தும்படி வைத்து, கட்டை விரலால் பத்து எண்ணும்வரை அழுத்த வேண்டும். எடுத்த துண்டை, கைகழுவுவது ஒன்று, பெட்டி தூக்கிப் போவது ஒன்று என இரண்டு சுருளாகச் சுற்றி என் தூக்குச்சட்டியில் வைத்து மூடினேன். கையால் சுற்றியதால் இரண்டு சுருளிலும் வால், அதாவது கடைசி முனை, வெளியே இருந்தது. அதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

வெட்டியபிறகு படம் வேறாகிவிட்டது. பெஞ்சில் சண்டை போடுகிறார்கள், அடுத்த நிமிடம் மாடியில் சட்டை காய்கிறது. பொய் சொன்னது ஒன்றுமே இல்லை என்பதுபோல ஆகிவிட்டது.

அன்றிரவு எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாயால் சொல்ல முடியாததை அந்தப் படம் சொல்கிறது. தங்கம் அதைப் பார்க்க வேண்டும், வெட்டாமல் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை ஒரு தபால் கார்டு வாங்கினேன். என் வாழ்க்கையில் இதற்கு முன் நான் எழுதிய ஒரே எழுத்து அதுதான். ‘வியாழன் மேட்னிக்கு வா. பேச எனக்கு வராது. படம் பார்.’

வியாழக்கிழமை படத்தின் கடைசி நாள். மேட்னி தொடங்கிவிட்டது. அவள் வருவாளா என்று தெரியாமல் துண்டை ஒட்டவும் மனம் இல்லை. பாய்க்குத் தெரிந்தால் வேலை போய்விடும். நாலாவது ரீல் ஓடும்போது அறையின் பின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில் குடை ஒன்று கேட்டுக்குள் நுழைந்தது. பச்சைச் சேலை. குடையை மடக்கியபோது தங்கம்.

என்னோடு இருந்த ஆள் அன்று லீவு. ஒவ்வொரு ரீலும் பத்து நிமிடம்தான் ஓடும். அதற்குள் கார்பனைத் தள்ளி, அடுத்ததை மாட்டி, மாற்றி, நடுவில் கிடைக்கும் ஐந்தாறு நிமிடத்தில் பன்னிரண்டாவது ரீலைப் பிரித்து வெட்டிய இடத்தைத் தேட வேண்டும். பத்தாவது ரீல் ஓடும்போது முதல் சுருளைத் திருப்பிச் சுற்றி ஒட்டினேன். பதினொன்றாவது பாதியில் இரண்டாவது சுருளைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து இரண்டு மணி அடித்தது. படம் மங்கல். ஓடிப்போய்ச் சரிசெய்துவிட்டு வந்து, சிமெண்ட் காய்ந்துவிடுமே என்ற அவசரத்தில், சுருளைத் திருப்பிச் சுற்றாமல் வால் பக்கத்தையே தலையாக வைத்து ஒட்டிவிட்டேன். முதல் வருடத்துப் பையன்கூடச் செய்யாத தப்பு.

பன்னிரண்டாவது ரீல் தொடங்கியது. அடுப்படி. அவன் கையை நீட்டினான். அவள் கழுவினாள். சுவர் ஓட்டை வழியாகக் கொட்டகைக்குள் பார்த்தேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தங்கம் அசையாமல் இருந்தாள்.

பிறகு திரை தலைகீழானது.

வானம் கீழே, ரோடு மேலே. பஸ் பின்பக்கமாக வந்து நின்றது, பின்பக்கமாகவே போனது. அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தலை கீழாக, பின்னாலேயே நடந்தாள். சத்தம் வரவேண்டிய இடத்தில் வெறும் கொரகொரப்பு. இப்படி ஆனால் உடனே ஒளியை மூடி, லைட்டைப் போட வேண்டும். அதுதான் சட்டம். என் கை நெம்புகோலுக்குப் போய்விட்டது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. தங்கத்தைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கையை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் தெருவெல்லாம் பின்னாலேயே நடந்து, வாசற்படி ஏறி, வீட்டுக்குள் வந்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

உடனே விடிந்து, மாடியில் சட்டை காய்ந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மேனேஜர் பாய் மேலே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு.

“அப்பு, நான் எடுக்கச் சொன்னது எங்கப்பா இருந்துச்சு?”

“தூக்குச்சட்டில, பாய்.”

“எதுக்கு ஒட்டுன?”

நான் தரையைப் பார்த்தேன். “எங்க வீட்ல வந்திருக்கு, பாய்.”

என் வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் ஏலக்காயை மென்றார்.

“எந்த வரிசை?”

“மூணாவது. பச்சைச் சீலை.”

அவர் ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தார். முதல்முறையாக என் இடத்திலிருந்து ஜனத்தைப் பார்த்தார்.

“ஒருத்தன் பீடிக்கு எந்திரிக்கலைப்பா,” என்றார். “எங்க வீட்டுல இருபது வருசமா எல்லாம் நேராத்தான் ஓடுது. ஒருத்தரும் சிரிக்கக் காணோம்.”

படி இறங்கப் போனவர் நின்று, “சாயங்கால ஷோவுக்கு நேரா ஒட்டிப் போடு. வெட்டாத. முழுசா அனுப்புவோம் பொட்டிய,” என்றார். போய்விட்டார். அந்தத் தப்பைப் பற்றிப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மேட்னி விட்டதும் கீழே இறங்கினேன். தங்கம் சைக்கிள் ஸ்டாண்ட் நிழலில் நின்றிருந்தாள்.

“அந்தப் பொம்பள தலைகீழா நடந்துச்சே, படமே அப்படித்தானா?” என்றாள்.

“இல்ல. நான் தப்பா ஒட்டிட்டேன்.”

“நெனச்சேன். நேராப் பாத்தா என்ன செய்யும் அது?”

“பொட்டியத் தூக்கிட்டுப் போகும். பஸ் வரும், ஏறாது. அங்கனயே நிக்கும்.”

“வீட்டுக்கு வரும்ல?”

“அதைக் காட்ட மாட்டாங்க.”

அவள் குடைக்காம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். படத்தில் பார்த்ததுதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“தியேட்டர் பூட்டியிருந்த அம்புட்டு நாளும் பேகம்பூர்ல சும்மா உக்காந்திருந்தேன். கரியைப் பூசிட்டு வந்தேன்,” என்றேன். அவளிடம் அதுவரை நான் என்னைப் பற்றிப் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

“தெரியும்.”

“பூட்டைப் பாத்தன்னு உங்கண்ணன் சொன்னாரு.”

“பூட்டைப் பாக்கறதுக்கு முந்தியே தெரியும். வேலைக்குப் போயிட்டு வந்தா வலது கையிலதான் கரி இருக்கும் உங்களுக்கு. அந்த மாசம் ரெண்டு கையிலயும் சமமா இருந்துச்சு. சாந்து பூசுன மாதிரி.”

“பின்ன ஏன் கொழம்பு எடுத்துட்டு வந்த?”

“கண்ணால ஒருதடவ பாத்துக்கிடத்தான். அப்பவாச்சும் சொல்லுவீகளான்னுதான் ராத்திரி என்ன படம்னு கேட்டேன்ல? பேரைச் சொன்னீங்க. கதையச் சொன்னீங்க. பாட்டு நல்லா இருக்குன்னு வேற சொன்னீங்க.” அவள் குடைக்காம்பைத் தரையில் ஊன்றினாள். “இல்லாததுக்கா நான் போனேன்? இல்லைன்னா கஞ்சி குடிச்சிருப்பேன். எனக்கே படம் ஓட்டுற ஆளோட எப்படிக் குடித்தனம் பண்றது?”

“இனிமே ஓட்ட மாட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓரமாகத் திரும்பிக்கொண்டாள். பிறகு குடையை விரித்தாள்.

“ஞாயித்துக்கெழம வாரேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பொட்டியத் தூக்குங்க. நான் மூஞ்சிய நேரா வச்சுத்தான் நடந்து வருவேன். அந்தப் பொம்பள மாதிரி பின்னாடியே வரச் சொல்லாதீக.”

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அவள் பின்னால் வருகிறாளா என்று எத்தனை தடவை திரும்பிப் பார்த்தேன் என்று எங்கள் மகளிடம் இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் படத்தை எடுத்தவர் பிறகு படம் எடுத்தாரா என்று தெரியவில்லை. நடித்தவர்களையும் அதிகம் பார்க்கவில்லை. போன வாரம் மகள் அதைப் போனில் கண்டுபிடித்துக் கொடுத்தாள். யாரோ ஏற்றியிருக்கிறார்கள். நானும் தங்கமும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். மேனேஜரைத் திட்டும் இடத்தில் சிரித்தோம். பன்னிரண்டாவது ரீல் இடம் வந்தது. அவன் கையை நீட்டினான், அவள் கழுவினாள், பெட்டியைத் தூக்கினாள், பஸ் வந்தது, போனது. வெயிலில் தனியாக நின்றாள். தங்கம் அதை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இம்புட்டு நேரம் நிக்கிறாளே பாவம்,” என்றாள். பிறகு, “அன்னைக்கு இப்படிப் பாத்திருந்தா நானும் அழுதுட்டு அப்படியே பஸ்ஸேறிப் போயிருப்பேன்,” என்றாள்.



இதை எழுத உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். “நம்ம கதையெல்லாமா எழுதப் போறீக?”

“வேண்டாம்னா விட்டுர்றேன்.”

என் வலது கையை எடுத்துப் பார்த்தாள். விரலில் பேனா மை ஒட்டியிருந்தது. இடது கையையும் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

“எழுதுங்க,” என்றாள். “கரி பூசுனத மட்டும் விட்டுறாதீக.”

விடவில்லை.

ஆடி எட்டாம் தேதி, வியாழக்கிழமை.